தொழில்துறை உருவாக்கத்தில் அரசின் பங்கு: பேராக் இரப்பர்த் தோட்டங்கள் முதல் கரிமச் சேமிப்பு வரை

முன்னுரை

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மலேசிய நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கரிமப் பிடிப்பு, பயன்பாடு, சேமிப்பு ஆகியவற்றை நெறிப்படுத்தும் சட்டவரைவை ஏற்றுக்கொண்டன. ஆலைகளிலிருந்தும் எரிவாயுக் கிணறுகளிலிருந்தும் வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்து, அழுத்தி, கடலடியில் வற்றிப்போன எண்ணெய், எரிவாயு வயல்களுக்குள் செலுத்தி, நிலையாக அடைத்து வைப்பதே இத்தொழிலின் நோக்கமாகும். இதுவரை இந்நாட்டில் இல்லாத ஒரு தொழில்துறையைச் சட்டத்தின் வழியாகவே தோற்றுவிக்கும் முயற்சி இது. இதனைப் பொறியியலாளரும் பொருளியலாளரும் தத்தம் நோக்கில் ஆராய்ந்து வருகின்றனர். வரலாற்று நோக்கிலும் இதனை ஆராய வேண்டிய தேவை உண்டு என்பது நம் கருத்து.

ஏனெனில், அரசு முன்னின்று ஒரு தொழில்துறையை உருவாக்குவது இம்மண்ணுக்குப் புதியதன்று. பேராக் மாநிலத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தழைத்திருந்த இரப்பர்த் தொழில், தோட்டத்துரைமார்களின் முயற்சியால் மட்டும் வளர்ந்ததன்று. சட்டம், தீர்வை, நிதி, ஆய்வு நிறுவனம் என ஒவ்வொரு கட்டத்திலும் அரசின் கை அதில் இருந்தது. அத்தொழிலின் முதுகெலும்பாக விளங்கியவர்கள் தென்னிந்தியத் தொழிலாளர்கள். ஆதலின், அரசு ஒரு தொழிலை உருவாக்கும்போது எதற்கு நிதி ஒதுக்குகிறது, எதனை விட்டுவிடுகிறது என்பதை அறிய, பேராக் தோட்டங்களின் வரலாறு நமக்கு நல்லதோர் அளவுகோலாகும். அவ்வரலாற்றில் தோன்றிய மூன்று நிதிகளை முதலில் ஆராய்ந்து, அவற்றின் ஒளியில் இன்றைய கரிமச் சேமிப்புத் திட்டத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதை வந்த வழியும் ஆள் வந்த வழியும்

1876ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இரப்பர் விதைகள் இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் முளைப்பிக்கப்பட்டன. 1877ஆம் ஆண்டு அவற்றுள் சில கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவ்வாண்டிலேயே பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஹியூ லோ, அக்கன்றுகளுள் சிலவற்றைக் கோலகங்சாரில் தம் இல்லத் தோட்டத்தில் நட்டார். அக்காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் மரம் ஒன்றைக் கோலகங்சார் நகரில் இன்றும் காணலாம். பின்னர்ச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவரான ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். இவ்விருவரும் அரசு ஊழியர்கள் என்பதும், அவர்கள் முயற்சி நிகழ்ந்த இடங்கள் அரசுக்கு உரியவை என்பதும் கருதத்தக்கன. இலாபம் வருமா வராதா என்று தெரியாத காலத்தில் முதல் செலவை ஏற்றது அரசுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாகனங்களின் பெருக்கத்தால் இரப்பரின் விலை உயர்ந்தபோது, மரங்களைவிடப் பெரிய சிக்கலாக எழுந்தது ஆள் பற்றாக்குறை. ஒரு தோட்டம் தன் செலவில் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவந்தால், அருகிலுள்ள தோட்டம் அவ்வாளைக் கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொண்டது. செலவு ஒருவருக்கும் பயன் வேறொருவருக்கும் ஆயிற்று. இச்சிக்கலைத் தீர்க்க 1907ஆம் ஆண்டு அரசு தமிழர் குடியேற்ற நிதியைச் சட்டத்தின் வழி நிறுவியது. பின்னர் இது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் அனைவரும், தாமே ஆள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், வேலை நாள்களின் கணக்குப்படி இந்நிதிக்குப் பணம் செலுத்த வேண்டியதாயிற்று. அப்பணத்திலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தொழிலாளர்களின் கப்பல் பயணச் செலவு ஈடுசெய்யப்பட்டது.

பொருளியல் நோக்கில் இது திறமான ஏற்பாடு என்பதை மறுக்க இயலாது. எல்லாருக்கும் பயன்படும் ஒன்றுக்கு எல்லாரும் பங்கு செலுத்த வேண்டும் என்ற நெறியை அரசு கட்டாயப்படுத்தியது. 1910ஆம் ஆண்டு ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தபின், கங்காணி முறை மேலும் ஓங்குவதற்கு இந்நிதியே துணையாயிற்று. ஆயினும் அந்நிதியை மேற்பார்வையிட முதற்கண் அமைந்த குழுவில் அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளின் சார்பாளர்களுமே இடம்பெற்றனர். யாரைக் கொண்டுவருவதற்காக அந்நிதி தோன்றியதோ, அவர்களின் குரலுக்கு அங்கு இடமில்லை. 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் இரப்பர் விலை சரிந்தபோது, பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கொண்டுவரப் பயன்பட்ட நிதியே திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. ஆக, தொழிலாளருக்கென்று தோன்றிய முதல் நிதி அவர்களின் வாழ்வுக்கான நிதியாக அமையவில்லை. அவர்களின் போக்குவரத்துக்கான நிதியாகவே அமைந்தது எனலாம்.

தீர்வையும் ஆய்வும்

இரப்பர்த் தொழிலில் அரசின் அடுத்த பெருந்தலையீடு விலையைக் காப்பதில் நிகழ்ந்தது. 1922ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1928ஆம் ஆண்டு அக்டோபர் வரை நடப்பில் இருந்த ஸ்டீவன்சன் திட்டமும், 1934ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த பன்னாட்டு இரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டி விலையைத் தாங்கிப் பிடிக்க முயன்றன. சந்தை என்பது தானே இயங்கும் ஒன்று என்று கருதுவோர், இவ்வுலகப் பெருந்தொழிலின் விலையை அரசுகள் கூடி வகுத்த காலம் ஒன்று இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

இவற்றைவிட நிலைத்த பயன் தந்தது ஆய்வு நிறுவனமே. மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925ஆம் ஆண்டு சட்டத்தால் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு பணி தொடங்கியது. ஏற்றுமதியாகும் இரப்பர்மீது விதிக்கப்பட்ட தீர்வையே அதன் வருவாய். தனியொரு தோட்டம் ஆய்வு செய்தால் அதன் பயன் அண்டைத் தோட்டத்துக்கும் சென்றுவிடும். ஆதலின் தனியார் எவரும் போதிய அளவு செலவிட முன்வாரார். 1907ஆம் ஆண்டு ஆள் சேர்ப்பதில் கையாளப்பட்ட அதே நெறி இப்போது அறிவைச் சேர்ப்பதில் கையாளப்பட்டது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற உயர்விளைச்சல் ஒட்டினங்கள் இக்கழகம் தந்த கொடைகளாகும். 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசியத் தர இரப்பர்த் திட்டம், கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த பழைய வழக்கத்தை மாற்றி, ஆய்வுக்கூட அளவீட்டின்படி தரச்சான்று வழங்கும் முறையைக் கொண்டுவந்தது.

பள்ளிக்கூடமும் இக்காலத்துச் சட்டத்தின் விளைவே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வாழும் தோட்டத்தில் பள்ளி அமைப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமையாயிற்று. பேராக்கில் இன்றுள்ள நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பலவற்றின் பிறப்பு இச்சட்டத்தோடு தொடர்புடையது. ஆனால் பள்ளியை அமைக்கும் கடமையைத் தோட்டத்திடம் ஒப்படைத்த சட்டம், தோட்டம் மறைந்தால் பள்ளி எந்த நிலத்தில் நிற்கும் என்பதை வகுத்துரைக்கவில்லை. நிலம் தனியாருக்கு உரியதாக இருந்தமையால், பிற்காலத்தில் முழு உதவி பெற இயலாமல் பகுதி உதவியோடு காலந்தள்ளிய பள்ளிகளின் துயரை இவ்விதழின் வாசகர்களான ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர்.

மறுநடவு நிதி: மரத்துக்கு வந்த மறுவாழ்வு

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இரப்பர்த் தொழில் இருமுனைத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஒருபுறம் அமெரிக்கா போர்க்காலத்தில் பெருக்கிய செயற்கை இரப்பரின் போட்டி. மறுபுறம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பட்டு முதுமையடைந்த மரங்கள். பேராக்கிலோ நெருக்கடி மேலும் கூர்மையடைந்திருந்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்டத்துரைகள் மூவர் கொல்லப்பட்டதே அவசரகாலப் பிரகடனத்துக்கு உடனடிக் காரணமாயிற்று.

இச்சூழலில் 1952ஆம் ஆண்டு இரப்பர்த் தொழில் மறுநடவு நிதிச் சட்டம் பிறந்தது. ஏற்றுமதியாகும் இரப்பருக்கு இராத்தலுக்கு 4.5 காசு வீதம் தீர்வை பெறப்பட்டு, பழைய மரங்களை அழித்து உயர்விளைச்சல் மரங்களை நடுவதற்கு அது திருப்பி வழங்கப்பட்டது. தோட்டங்களுக்கு ஒரு பிரிவும் சிறுதோட்டக்காரர்களுக்கு மற்றொரு பிரிவுமாக நிதி பிரித்து வைக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு மலாயாவின் இரப்பர்த் தொழிலை ஆராய வந்த மூடி குழுவும் மறுநடவை விரைவுபடுத்துமாறு வலியுறுத்தியது.

இந்நிதியின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு மரம் நடப்பட்டுப் பால் தருவதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். அவ்விடைக்காலத்தில் வருவாய் இல்லை. அந்த இழப்புக்கு அஞ்சி மறுநடவைத் தள்ளிப்போட்டால் தொழிலே அழியும். எனவே இன்றைய விற்பனையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, நாளைய மரத்துக்குச் செலவிடுமாறு அரசு கட்டாயப்படுத்தியது. மலேசியா பல பத்தாண்டுகள் உலகின் முதன்மை இயற்கை இரப்பர் உற்பத்தி நாடாகத் திகழ்ந்தமைக்கு இத்தொலைநோக்கும் ஒரு காரணம்.

எனினும், மரம் வெட்டப்பட்ட நிரையில் பால் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த ஆறேழு ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கு அந்நிதியில் விடையில்லை. முதிர்ச்சியடையாத மரங்கள் நிற்கும் நிலத்துக்குப் பால்வெட்டு ஆள்கள் தேவைப்படுவதில்லை. மரத்தின் இடைக்காலத்துக்கு நிதி இருந்தது. மனிதரின் இடைக்காலத்துக்கு நிதி இல்லை. ஈப்போவையும் சுங்கை சிப்புட்டையும் சூழ்ந்த முன்னாள் தோட்டங்களுக்கு மாணவர்களோடு சென்று முதியோரின் நினைவுகளைக் கேட்டபோதெல்லாம், மறுநடவுக் காலத்தை அவர்கள் வேலை குறைந்த காலமாகவே நினைவுகூர்வதை நாம் கண்டோம். பிரட்டுக்களத்தில் பெயர் அழைக்கப்படாத நாள்களை அவர்கள் மறக்கவில்லை. தோட்ட வரலாற்று ஏடுகளில் வளர்ச்சியாகப் பதிவான ஆண்டுகள், லயத்து வீடுகளின் நினைவில் நெருக்கடியாகப் பதிவாகியிருக்கின்றன.

துண்டாடலும் கூட்டுறவும்

1950ஆம் ஆண்டுகளில் விடுதலை நெருங்கியபோது பல பிரிட்டிஷ் நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். பொருளியல் பேராசிரியர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை விரிவாக ஆய்ந்து அறிக்கை அளித்தார். துண்டாடப்பட்ட தோட்டங்களில் வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோயின. ஏனெனில் தோட்டத்து வீடு என்பது வேலையோடு பிணைக்கப்பட்ட வீடு. வேலை போனால் வீட்டையும் விட்டுச் செல்ல வேண்டும்.

இதற்கு எதிர்வினையாக எழுந்த முயற்சியும் பேராக் மண்ணோடு தொடர்புடையது. சுங்கை சிப்புட்டில் பிறந்தவரான துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தி, விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தாமே வாங்கினர். மரத்துக்கு அரசின் சட்டப்படி நிதி திரண்டது. மனிதருக்கோ அவர்தம் சொந்தக் கூலியிலிருந்தே நிதி திரட்ட வேண்டியிருந்தது. இவ்வேறுபாடு ஆழ்ந்து நோக்கற்பாலது.

தென்னிந்தியத் தொழிலாளர் நிதி

1938ஆம் ஆண்டு இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தபின், குடியேற்ற நிதி தன் முதன்மை நோக்கத்தை இழந்தது. விடுதலைக்குப்பின், 1958ஆம் ஆண்டு அதில் எஞ்சிய தொகையையும் சொத்துகளையும் கொண்டு தென்னிந்தியத் தொழிலாளர் நிதி சட்டத்தின் வழி அமைக்கப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளர்களின் நலன், முதியோர் புகலிடம், கல்வி ஆகியவை அதன் நோக்கங்களாயின. ஆள் கொண்டுவரும் நிதியாகத் தொடங்கியது, காலம் கடந்தேனும் ஆளைக் காக்கும் நிதியாக மாறியது எனலாம்.

ஆனால் அந்நிதி அதிக வளர்ச்சி பெறவில்லை. புதிதாகத் தீர்வை ஏதும் அதற்கு வந்து சேரவில்லை. 1980ஆம், 1990ஆம் ஆண்டுகளில் இரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டதும், ஈப்போ போன்ற நகரங்களை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியதும் நாம் கண்கூடாகக் கண்டவை. தொழிலாளர்கள் பெருமளவில் இடம்பெயர்ந்த அக்காலமே அத்தகைய நிதி மிகத் தேவைப்பட்ட காலம். அக்காலத்தின் முடிவில், 1999ஆம் ஆண்டு, தென்னிந்தியத் தொழிலாளர் நிதி சட்டத்தின் வழி கலைக்கப்பட்டு, அதன் சொத்துகள் அரசிடம் சென்றன. அதற்கு முந்திய ஆண்டு, 1998இல், இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பிற அமைப்புகளோடு இணைக்கப்பட்டு மலேசிய இரப்பர் வாரியமாகப் புத்துருப் பெற்றது. ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினால், பயிருக்கான நிறுவனம் தொடர்ந்ததும் பயிரிட்டோருக்கான நிதி முடிந்ததும் புலனாகும். ஒரு நிதிக்கு இடையறாத வருவாயும், அதனைக் கண்காணிக்கும் உரிமையுடைய பயனாளிகளும் இல்லையெனில் அது நிலைக்காது என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

கரிமச் சேமிப்பு: விலையில்லாச் சரக்கு

இனி இன்றைய முயற்சிக்கு வருவோம். இரப்பருக்கும் கரியமில வாயுவுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. இரப்பரை வாங்க ஆள் உண்டு. புதைக்கப்படும் கரியமில வாயுவை வாங்க ஆளில்லை. ஆலைப் புகையிலிருந்து வேதிக் கரைசலால் அவ்வாயுவைப் பிரிக்கவும், அழுத்தவும், குழாய் அல்லது கப்பல் வழி எடுத்துச் செல்லவும், நிலத்தடியில் ஏறத்தாழ 800 மீட்டருக்கும் கீழே செலுத்தவும் பெருஞ்செலவாகும். அச்செலவை ஏற்க ஒருவரை இணங்கச் செய்வது அரசால் மட்டுமே இயலும்.

நார்வே இதற்குச் சான்று. அந்நாடு 1991ஆம் ஆண்டு கரியமில வாயு வெளியீட்டுக்கு வரி விதித்தது. வாயுவைக் காற்றில் விட்டு வரி கட்டுவதைவிடக் கடலடிப் பாறையில் செலுத்துவது ஆதாயமாயிற்று. அதன் விளைவாக 1996ஆம் ஆண்டு வடகடலின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டன் வாயுவைச் சேமிக்கும் பணி தொடங்கியது.

இதற்கு மாறான சான்று ஒன்று தமிழகத்தில் கிடைக்கிறது. தூத்துக்குடியிலுள்ள காரப்பொருள், உர ஆலை ஒன்றில் 2016ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கருவி, நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு செய்யப் பயன்படுத்துமாறு வடிவமைக்கப்பட்டது. ஆலைக்கு அவ்வாயு மூலப்பொருளாகத் தேவைப்பட்டமையால் அரசு மானியம் இன்றியே இது இயன்றது. ஆனால் அளவை நோக்க வேண்டும். 1,000 மெகாவாட் ஆற்றல் கொண்ட நிலக்கரி மின்னிலையம் ஒன்று முழு அளவில் இயங்கினால் ஆண்டுக்கு 50 இலட்சம் டன்னுக்கும் மேல் கரியமில வாயுவை வெளியிடும். தூத்துக்குடி ஆலை பிடிப்பது அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. வாங்குவோர் இருக்கும் சிறுதொழில் சந்தையால் வளரும். வாங்குவோர் இல்லாப் பெருந்தொழில் சட்டத்தால்தான் வளரும்.

2025ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் நிதியும்

மலேசிய அரசு கையாளும் கருவிகள் நமக்கு முன்பே அறிமுகமானவை. 2023ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட தேசிய எரிசக்தி நிலைமாற்றப் பெருவழித் திட்டம், கரிமச் சேமிப்பு மையங்களை அமைப்பதை இலக்குகளுள் ஒன்றாகக் கொண்டது. அவ்வாண்டின் வரவுசெலவுத் திட்டம் இத்தொழிலுக்கு வரிச்சலுகைகளை வழங்கியது. அரசு நிறுவனமான பெட்ரோனாஸ், சரவாக் கடற்பகுதியின் கசாவாரி வயலில் ஆண்டுக்கு 33 இலட்சம் டன் வாயுவைப் பிடித்துச் சேமிக்கும் திட்டத்துக்கு 2022ஆம் ஆண்டு முதலீட்டு முடிவு எடுத்தது. இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கரிம வரி விதிக்கப்படும் என 2025ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

2025ஆம் ஆண்டுச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது. சரவாக் தனக்கெனத் தனி விதிமுறைகளை வகுத்துக்கொண்டுள்ளது. வாயுவைச் செலுத்துவதற்கு உரிமம், அதற்கு ஒரு தீர்வை, மேற்பார்வைக்கு ஒரு தனி முகவாண்மை ஆகியவற்றை இச்சட்டம் வகுக்கிறது. பிற நாடுகளின் வாயுவை உரிய அனுமதியோடு இங்குக் கொண்டுவந்து சேமிக்கவும் அது வழிசெய்கிறது. இதனைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் குறைகூறின. இவற்றுள் நம் ஆய்வுக்கு மிக நெருங்கியது, சேமிப்பிடம் மூடப்பட்ட பின்னரும் அதனைக் காப்பதற்கென நிறுவப்பட்ட பராமரிப்பு நிதியாகும். உரிமம் பெற்றோர் இன்று செலுத்தும் தீர்வை, அவர்கள் சென்ற பின்னர் அப்பாறையைக் கண்காணிக்கப் பயன்படும்.

1952ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிந்தோருக்கு இந்நெறி புதியதன்று. இன்றைய வருவாயில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து நாளைய கடமைக்கு ஒதுக்குவதே இரண்டின் உள்ளீடும். அன்று மரத்துக்கு, இன்று பாறைக்கு. இது நல்ல நெறியே. சேமித்த வாயு வெளியேறாமல் தலைமுறைகள் கடந்தும் காக்கப்பட வேண்டும். ஆனால் தொழில் மூடப்பட்டபின் பாறைக்கு என்னவாகும் என்று எண்ணிப் பார்த்த சட்டவாணர்கள், தொழில் மாறும்போது மனிதருக்கு என்னவாகும் என்பதையும் அதே கூர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்நிதி அதற்காக அமைந்ததன்று.

பேராக்கின் கேள்வி

இக்கேள்வி பேராக்குக்குப் பொதுவான கேள்வியன்று, நேரடியான கேள்வி. மஞ்சோங் கடற்கரையில் கடலைத் தூர்த்து அமைக்கப்பட்ட நிலக்கரி மின்னிலையம், 2,100 மெகாவாட் ஆற்றலோடு 2003ஆம் ஆண்டளவில் முழுமை பெற்று, 2015, 2017ஆம் ஆண்டுகளில் மேலும் இரு பெரும் அலகுகளால் விரிவடைந்தது. நிலக்கரி மின்னிலையங்களை 2044ஆம் ஆண்டுக்குள் முற்றாகக் கைவிடுவது அரசின் இலக்கு. மறுபுறம், ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளை நம்பிச் சிமெண்டு ஆலைகள் இயங்குகின்றன. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளை மாற்றினாலும் கல்லிலிருந்து வரும் இவ்வாயு குறைவதில்லை. ஆகவே சிமெண்டுத் தொழிலுக்குக் கரிமப் பிடிப்பு இன்றியமையாததாகலாம். ஆனால் தீபகற்பத்தின் எண்ணெய், எரிவாயு வயல்களோ திரெங்கானுவுக்கு அப்பால் கிழக்குக் கடலில் உள்ளன. பேராக்கின் வாயு தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்தோ, கப்பலில் தீபகற்பத்தைச் சுற்றியோ செல்ல வேண்டும். அச்செலவைத் தாங்கும் ஆலைகள் நிலைக்கும், தாங்காதவை மூடப்படலாம்.

அவ்வாலைகளையும் அவற்றைச் சூழ்ந்த துணைத்தொழில்களையும் நம்பி வாழ்வோருள் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ளனர். பாதுகாவலர், பாரவுந்து ஓட்டுநர், ஒப்பந்தத் துப்புரவாளர், பற்றவைப்பாளர் எனப் பல நிலைகளில் அவர்கள் பணியாற்றுகின்றனர். பெருநிறுவனத்தின் நிலையான ஊழியர் வேறிடத்துக்கு மாற்றப்படலாம். ஒப்பந்தத் தொழிலாளி ஒப்பந்தத்தோடு முடிந்துபோவார். மறுநடவுக் காலத்தில் பிரட்டில் பெயர் அழைக்கப்படாத பாட்டனின் நிலை, பேரனுக்கு வேறு உருவில் வரக்கூடும்.

இதனால் கரிமச் சேமிப்புத் தொழில் வேண்டா என்று நாம் கூறவில்லை. புவி வெப்பமடைவதால் முதலில் துன்புறுவோரும் வெயிலில் உழைக்கும் எளியோரே. அரசு இத்தொழிலில் தலையிடக் கூடாது என்றும் கூறவில்லை. அரசின் தலையீடின்றி அது தோன்றவே தோன்றாது. தலையிடும் அரசு யாருடைய நாளையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதே நம் கேள்வி.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவதாக, ஒரு தொழிலை உருவாக்கும் அரசு அதன் தொடக்கத்திலேயே நிதியின் நோக்கத்தை வரையறுத்துவிடுகிறது. தொடக்கத்தில் இடம்பெறாதோர் பின்னர் இடம்பெறுவது அரிது. 1907ஆம் ஆண்டு நிதி தொழிலாளர் நல நிதியாக மாற அரை நூற்றாண்டு பிடித்தது. மாறியபின் அது நாற்பதாண்டுகளே நிலைத்தது. இரண்டாவதாக, வருவாய் தொடரும் நிதியே வாழும். மறுநடவுக்கு ஒவ்வோர் இராத்தல் இரப்பரிலிருந்தும் பணம் வந்தது. தொழிலாளர் நலனுக்கோ எஞ்சிய தொகை மட்டுமே வந்தது. மூன்றாவதாக, நிதியை ஆளும் அவையில் பயனாளிக்கு இருக்கை வேண்டும்.

ஆகவே, கரிமத் தீர்வையிலோ கரிம வரியிலோ ஒரு பங்கு, தொழில் மாற்றத்தால் வேலை இழக்கும் தொழிலாளர்களின் மறுபயிற்சிக்கும் இடைக்கால வாழ்வுக்கும் சட்டத்தாலேயே ஒதுக்கப்பட வேண்டும் என்பது நம் முடிவு. ஒப்பந்தத் தொழிலாளரும் அதில் அடங்க வேண்டும். அவர்தம் சார்பாளர்கள் அந்நிதியின் வாரியத்தில் அமர வேண்டும். கரிம வரியும் சேமிப்பு மையங்களும் முழு உருப்பெறும் முன்னரே இக்கோரிக்கை எழுவது நன்று.

இதில் தமிழாசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் பெற்றோரின் தொழில், வந்த தோட்டம், விலகிச் சென்ற நாள் ஆகியவை பதிவாகியுள்ளன. ஒரு தோட்டம் மறுநடவு செய்யப்பட்ட ஆண்டிலும் விற்கப்பட்ட ஆண்டிலும் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு விலகினர் என்பதை அவை காட்டக்கூடும். மறுநடவு செய்யப்பட்ட ஏக்கர் கணக்கு அரசு அறிக்கைகளில் உண்டு; இடம்பெயர்ந்த குடும்பங்களின் கணக்கோ அப்பதிவேடுகளில்தான் சிதறிக் கிடக்கிறது. கறையானும் கட்டட மாற்றமும் அவற்றை அழிக்குமுன் தத்தம் பள்ளியிலுள்ள ஏடுகளை எடுத்து வைக்குமாறு பேராக் ஆசிரியர்களை வேண்டுகிறோம். அடுத்த சட்டவரைவு விவாதத்துக்கு வரும்போது, நம் பக்கத்துச் சான்றாக அவற்றை முன்வைக்க இயலும்.